ஆளில்லாத அடுப்படி

அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்க்காத ஆள் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், பார்ப்போம். கிடைக்க மாட்டார். பூட்டின பூட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பதும், பையில் சாவி இருக்கிறதா என்று வெளியிலிருந்தே தடவிப் பார்ப்பதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இந்தக் கவலை இருக்கிறதால்தான் பாதி வீடுகள் தீப்பிடிக்காமல் நிற்கின்றன. ஆகவே, கேமராக்காரனின் மனைவி கல்யாணமான புதிதில் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கிய பிறகும் ஒரு தரம் உள்ளே ஓடி அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தது அவனுக்குக் குறையாகத் தெரியவில்லை. சிரிப்பாகத்தான் இருந்தது.

அவனுடைய அக்கா ஒருத்தி உண்டு, யாரையும் சும்மா விடமாட்டாள். அவள்தான் பேர் வைத்தாள். "இவ எங்க கிளம்பினாலும் ரிட்டர்ன் டிக்கெட்டோடதான் கிளம்புவா." அதிலிருந்து அந்தக் குடும்பத்தில் அவளுக்கு ரிட்டர்ன் டிக்கெட் என்றே பேர். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரிக்க முடிகிற அளவில்தான் அப்போது விஷயம் இருந்தது.

கேமராக்காரன் என்றதும் கல்யாண வீட்டில் படம் எடுக்கிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். கடை, கிடங்கு, அடுக்குமாடி வாசல் என்று கண்காணிப்புக் கேமரா மாட்டுகிறவன் அவன். ஏணி, டிரில், ஒயர் சுருள், இதுதான் அவன் உலகம். மாட்டி முடித்ததும் கடைக்காரர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். "பழைய படத்தை ஓடவிட்டு நம்மள ஏமாத்திட முடியுமாமே, நிஜமா?" அவனும் தவறாமல் ஒரே பதில்தான் சொல்வான். "முடியும் சார். ஆனா அதுக்கு என்னை மாதிரி ஒருத்தன் வேணும். நான்தான் உங்க பக்கம் இருக்கேனே." அவர்கள் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

அவன் மனைவி பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். அந்த வேலையில் அவளை அடிக்க ஆள் கிடையாது. நரம்பு கிடைக்காத கிழவர்கள், ஊசியைப் பார்த்தாலே ஊரைக் கூட்டும் பிள்ளைகள், மயங்கி விழுகிற மீசைக்காரர்கள் எல்லோரையும் அவளிடம்தான் அனுப்புவார்கள். "ஜன்னல் பக்கம் பாருங்க. மூச்சை விடுங்க. அவ்வளவுதான், ஆச்சு" என்பாள். நிஜமாகவே ஆகியிருக்கும். உள்ளே நுழையும்போதே "அந்தம்மா இருக்காங்களா" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் நாளை வருகிறேன் என்று திரும்பிப் போகிறவர்களும் உண்டு. ரத்தம் எடுக்கும் அறையில் கைப்பிடி அகலமான ஒரு நாற்காலி. அதன் பக்கத்து முக்காலிதான் அவளுடைய இடம். வெளியே எப்படிப்பட்ட பயம் இருந்தாலும் அந்த முக்காலியில் உட்கார்ந்தால் அவள் கை அசையாது.

மகள் பிறந்து கொஞ்ச நாளில் ஒரு சம்பவம் நடந்தது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போனாள். பால் பொங்கித் தீயை அணைத்துவிட்டது. காஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. குழந்தை பக்கத்து அறையில் தூக்கத்தில். வாடை வந்ததும் ஓடிப்போய் அடுப்புத் திருகை மூடினாள், ஜன்னலைத் திறந்தாள், தீர்ந்தது கதை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவளுக்குள் அது தீரவில்லை. ஒரு தரம் திரும்பிப் பார்த்தவள் இரண்டு தரம் பார்க்க ஆரம்பித்தாள். பிறகு பஸ்ஸைத் தவறவிட்டுப் பார்த்தாள். பிறகு பஸ் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வந்தாள்.

வர முடியாத நாட்களில் கேமராக்காரனுக்குப் போன் வரும்.

"என்னங்க, அடுப்பை அணைச்சீங்களா?"

"அணைச்சாச்சு."

"பாத்தீங்களா, இல்ல சும்மா சொல்றீங்களா?"

"பாத்தேன்மா. போய் வேலையப் பாரு."

அவன் பார்த்திருக்க மாட்டான். இதற்கெல்லாம் ஏணியிலிருந்து இறங்கி யோசிக்க யாருக்கு நேரம்? ஆனாலும் அவன் சொன்ன வார்த்தை வேலை செய்தது, அதுதான் ஆச்சரியம். முதலில் அது ஒரு நாள் முழுக்கத் தாங்கியது. அப்புறம் மத்தியானம் வரை. அப்புறம் போனை வைக்கிற வரைக்கும்தான். வைத்த கையோடு மறுபடியும் மணி அடிக்கும். "சரியாப் பாத்தீங்களா? சின்ன அடுப்பா, பெரிய அடுப்பா?"

கோபம் வரத்தான் செய்தது. நாலு வார்த்தை கடுமையாகச் சொல்லவும் செய்தான். அவள் அழுவாள். "எனக்கு மட்டும் இப்படி இருக்கணும்னு ஆசையாங்க?" என்பாள். பதில் இல்லாத இடத்தில் ஒரு கருவியை மாட்டித்தான் அவனுக்குப் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படி மூலையில், அடுப்பின் திருகுகள் தெளிவாகத் தெரியும்படி, நல்ல கேமராவாகப் பார்த்து ஒன்றை மாட்டினான். அவள் போனில் படம் வரும்படி செய்து கொடுத்தான்.

"இனிமே என்னைக் கேக்க வேண்டாம். நீயே பாத்துக்க."

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். சந்தோஷம்தான். இது முன்னாடியே தோன்றாமல் போயிற்றே என்று அவனுக்கும் உச்சி குளிர்ந்து போனது. மகள் மட்டும், அதற்குள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்ட, வயசுக்கு மீறிப் பேசுகிற பிள்ளை, "அம்மா நாள் பூரா அடுப்பையே பாத்துட்டு இருக்கப் போறாங்க" என்றாள். சின்னப் பிள்ளை பேச்சு என்று அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிள்ளை சொன்னதுதான் நடந்தது. முதலில் வேலைக்குப் போனதும் ஒரு பார்வை. பிறகு ஒவ்வொரு ஆளுக்கும் நடுவில் ஒரு பார்வை. பிறகு பஞ்சு, ஊசி, குப்பி எல்லாம் இருக்கிற தட்டிலேயே போனையும் சாய்த்து வைத்துக்கொண்டாள். வீட்டு நெட் இணைப்பு அவ்வப்போது இழுக்கும். படம் அப்படியே உறைந்து நடுவில் ஒரு வட்டம் சுற்றும். அது சுற்றுகிற நேரம் அவளுக்கு உயிரே போய்விடும். ஒரு நாள் ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். "அம்மா, கை மரத்துப் போச்சு" என்று அவர் சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. அவர் அதோடு விட்டுவிட்டார். கூட வந்த மகன் மேலிடத்தில் போய்ச் சொல்லிவிட்டான்.

பரிசோதனைக்கூடத்து மேடம் நல்லவர்தான். கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். "உங்க கைக்காகத்தான் இங்க பாதிப் பேர் வர்றாங்க. ஆனா இப்ப கொஞ்ச நாள் வரவேற்பு மேஜையில உக்காருங்க. சரியானதும் உங்க இடத்துக்கு வாங்க. சரியாகலன்னா என்ன செய்யறதுன்னு எனக்கே தெரியல" என்றார். முக்காலி போயிற்று. வீட்டுக்கு வந்தவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ரெண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல இருந்தது அது.

அவளேதான் டாக்டரிடம் போகலாம் என்றாள். இவன் கூடப் போனான். டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். மேஜை மேல் ஒரு காகிதம்கூட இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகப் பேசினார்.

"கவலை வர்றது வியாதி இல்ல. வராட்டித்தான் ஆபத்து. அந்தக் கவலையால உங்க வேலையோ தூக்கமோ பேச்சோ ஏதாவது நின்னு போகுதான்னு பாக்கணும். நின்னு போச்சுன்னா அதைக் கவனிக்கணும். உங்களுக்கு வேலை நின்னு போச்சு, இல்லையா?"

"ஆமா டாக்டர்."

"ஒவ்வொரு தடவை போனைப் பாக்கும்போதும் உங்க மனசு என்ன கத்துக்குது தெரியுமா? பாத்ததாலதான் தப்பிச்சோம்னு கத்துக்குது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரமாப் பாக்கச் சொல்லும். அதனால இனிமே பாக்கறதைக் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளிப் போடுங்க. பதற்றம் வரும். வரட்டும். அது மேல ஏறி, கொஞ்ச நேரத்துல தானா இறங்கும். இறங்கறதை நீங்களே ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா அப்புறம் தைரியம் வந்துடும்." பிறகு அவனைப் பார்த்தார். "சார், அவங்க கேட்டா அணைச்சாச்சுன்னு சொல்லாதீங்க. கஷ்டமா இருக்குன்னு தெரியுது, கூட இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க. அடுத்த மாசம் ரெண்டு பேரும் வாங்க."

வெளியே வந்ததும் கேமராக்காரனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இது என்ன வைத்தியம்? ரிப்பேர் பார்க்கத் தெரியாதவன், ஓடிக்கொண்டே இருந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்புவது போல அல்லவா இருக்கிறது? ஆனால் அவள் முகத்தில் ஏதோ ஒரு வெளிச்சம் இருந்தது. "முயற்சி பண்ணிப் பாக்கறேங்க" என்றாள்.

முயற்சி என்றால் லேசா? முதல் சில நாட்கள் அவளைப் பார்க்கவே சகிக்கவில்லை. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். தாங்க முடியாமல் போனைப் பார்ப்பாள், பார்த்துவிட்டோமே என்று அழுவாள். வட்டம் சுற்றினால் அவனுக்குப் போன் வரும். டாக்டர் சொல்லச் சொன்னதை அவன் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான். "கஷ்டமா இருக்குன்னு தெரியுது." சொல்லும்போது அவனுக்கே அது யாரோ சொல்வது போல இருந்தது. அந்தப் பக்கம் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடியவில்லை. "அணைச்சாச்சும்மா, அணைச்சாச்சு" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

அப்புறம் ஒரு நாள், பெரிய துணிக்கடை ஒன்றில் ஏணியின் உச்சியில் நிற்கும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. விடாமல் அதிர்ந்தது. எடுக்கப் போனதில் ஏணி ஒரு பக்கமாகச் சறுக்கியது. கம்பியைப் பிடித்துத் தொங்கினான். கீழே இருந்தவர்கள் ஓடி வந்து ஏணியை நிமிர்த்தினார்கள். உடம்பெல்லாம் வியர்த்து இறங்கி வந்து பார்த்தால், "படம் நின்னுடுச்சு, வீட்டுக்குப் போய்ப் பாக்கறீங்களா" என்று செய்தி. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான். கடைக்காரர் தண்ணீர் கொடுத்துவிட்டு, எல்லாக் கடைக்காரர்களும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார். "பழைய படத்தை ஓடவிட்டு ஏமாத்த முடியுமாமே?"

"முடியும் சார்" என்றான். இந்தத் தரம் அதற்கு மேல் அவன் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மனைவியும் மகளும் அக்கா வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், ஆளில்லாத அடுப்படியைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை படம் பிடித்தான். திருகுகள் எல்லாம் மூடியிருந்தன. கெட்டில் இடது பக்கம், கொக்கியில் பச்சைத் துண்டு, ஜன்னல் திரை காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மப்பு போட்ட நாளுக்கென்று, பின்னொரு நாள் வானம் கறுத்திருந்தபோது, இன்னொரு படமும் எடுத்துக்கொண்டான். வேலை என்று வந்துவிட்டால் அவன் அரைகுறையாகச் செய்யமாட்டான், அந்தப் பெருமை அவனுக்கு உண்டு. படத்தின் மூலையில் ஓடும் நேரத்தை, அடுப்பை மறைக்கிறது என்று சொல்லி எடுத்துவிட்டான். இனிமேல் அவள் போனில் வருவது அந்தப் படம்தான். உறையாது, வட்டம் சுற்றாது, எந்த நாளும் அடுப்பு எரியாது. எரிந்தாலும் எரியாது.

பாவம் செய்கிறோம் என்று அவன் நினைக்கவில்லை. வலிக்கிறவளுக்கு மாத்திரை கொடுக்கிறோம் என்றுதான் நினைத்தான். அவள் நிம்மதியாக இருந்தால் முக்காலி திரும்பக் கிடைக்கும். முக்காலி கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும். அதற்குள் நிஜமாகவே அடுப்பு அணைந்திருக்கிறதா என்று தினமும் தானே பார்த்துவிட்டால் போயிற்று.

பார்க்கத் தொடங்கினான். அங்கேதான் வேடிக்கை. அவள் கிளம்பும்போது அடுப்படி எப்படி இருந்ததோ அப்படித்தானே போனிலும் இருக்க வேண்டும்? ஆகவே தினமும் காலையில் பாத்திரத்தை ஒதுக்கி, மேடையைத் துடைத்து, கெட்டிலை இடது பக்கம் தள்ளி, பச்சைத் துண்டைக் கொக்கியில் மாட்டுவது அவன் வேலையாயிற்று. கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளரைக்கூட எடுத்து வைக்காதவன். "என்னங்க இது, அதிசயமா இருக்கு" என்று அவள் வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள். அக்காவிடம் போனில் பெருமையாகச் சொன்னாள். "உங்க தம்பி இப்பல்லாம் அடுப்படி துடைக்கறார் அண்ணி." பச்சைத் துண்டு துவைக்கப் போன அன்று அதே பச்சையில் இன்னொன்று வாங்கக் கடை கடையாக அலைந்தான். ஒரு நாள் தெருமுனை வரை போனவன், மாட்டியது பச்சையா நீலமா என்று சந்தேகம் வந்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பச்சைதான். திரும்பவும் கிளம்பி, திரும்பவும் வந்து பார்த்தான். தான் செய்வது என்ன என்று அப்போதும் அவனுக்கு உறைக்கவில்லை.

போன் வருவது குறைந்தது. பிறகு நின்றே போனது. அவள் சரியாகச் சாப்பிட்டாள். மகளோடு சிரித்துப் பேசினாள். ஒரு காலை நேரம், தெருமுனை வரை போனவள் நின்று, திரும்பலாமா என்று பார்த்து, திரும்பாமல் போய்விட்டதை அவன் மாடியிலிருந்து கண்டான். மீசையை முறுக்காத குறைதான். டாக்டரால் ஆகாததை நான் செய்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. அட மடையா என்று அப்போது சொல்ல அங்கே யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் அவன் வேலை முடிந்து வந்தபோது வாசலில் அவள் செருப்பு கிடந்தது. அவள் வருகிற நேரம் இன்னும் ஆகவில்லை. மகள் பக்கத்து வீட்டில் விளையாடுகிற சத்தம் கேட்டது. உள்ளே போனான். அடுப்படியில், மேடைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போட்டுக்கொண்டு போன உடுப்பை இன்னும் மாற்றவில்லை. சர்க்கரை டப்பாவில் போன் சாய்ந்திருந்தது.

"வந்துட்டீங்களா" என்றாள். குரல் ரொம்பச் சன்னமாக இருந்தது. "இங்க வந்து நில்லுங்க. நான் இங்க உக்காந்திருக்கேனா?"

"என்ன கேள்வி இது?"

"இருக்கேனான்னு சொல்லுங்க."

"இருக்கே."

அவள் கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். பஸ்ஸில் போகிறவர்களுக்குக் காட்டுவது போல மெல்ல ஆட்டினாள். போனில் மூடின திருகுகள் இருந்தன, கெட்டில் இருந்தது, பச்சைத் துண்டு இருந்தது. ஜன்னல் திரை லேசாக ஆடியது. அவள் இல்லை.

கேமராக்காரன் போனை எடுக்கக் கை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"முதல்ல படம் நின்னு போச்சுன்னு நெனச்சேன்" என்றாள் அவள். "ஆனா திரை ஆடுது பாருங்க. திரை ஆடுது, நான் இல்ல. எழுந்து நின்னேன், குதிச்சேன். அப்பவும் இல்ல. எனக்குப் பைத்தியம்தான் பிடிச்சுடுச்சுன்னு நெனச்சேங்க. இல்லன்னா செத்துப் போயிட்டேன், எனக்குத்தான் தெரியலன்னு நெனச்சேன். பக்கத்து வீட்டுக்காரங்களக் கூப்பிட்டு, நான் உங்க கண்ணுக்குத் தெரியறேனான்னு கேக்கலாமான்னு வாசல் வரைக்கும் போயிட்டு வந்தேன். அப்புறம்தான் அந்தத் துண்டைப் பாத்தேன். கொக்கியில இப்ப நீலம் தொங்குது. மத்தியானம் வந்ததும் பச்சையை நான் துவைக்கப் போட்டேன்."

அவன் மெல்லத் தரையில் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னான். ஏணி சறுக்கியது, ஞாயிற்றுக்கிழமை, மப்புப் படம், துண்டுக்கு அலைந்தது, ஒன்றுவிடாமல் சொன்னான். சொன்னால் பாரம் குறையும் என்பார்களே, அப்படி ஒன்றும் குறையவில்லை. அவள் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவனுக்கு.

"இன்னிக்கு எதுக்குச் சீக்கிரம் வந்தேன்னு கேக்கலையே" என்றாள் கடைசியில்.

"எதுக்கு?"

"மேடம் என் முக்காலியத் திரும்பக் கொடுத்துட்டாங்க. உங்ககிட்ட சொல்லணும்னு அரை நாள் லீவு போட்டு ஓடி வந்தேன். டாக்டர் சொன்ன மாதிரிதான் செஞ்சுட்டு இருந்தேங்க. போனை லாக்கர்ல வச்சுப் பூட்டிடுவேன். மத்தியானம் ஒரு தடவை மட்டும்தான் பாப்பேன். அப்புறம் அதையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு ஆக்கினேன். போன வாரம் பூரா பாக்கவே இல்ல. பதற்றம் வரும், அப்படியே உக்காந்துப்பேன். அது ஏறிச்சு, இறங்கிச்சு. அவங்க சொன்ன மாதிரியே இறங்கிச்சு." அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "இனிமே இது வேண்டாம்னு அழிக்கத்தான் எடுத்தேன். அழிக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை பாக்கலாம்னு தோணுச்சு."

போன் வராமல் நின்றது அவனுடைய படத்தால் அல்ல. அவள் சரியாகிக்கொண்டிருந்தாள். தன்னந்தனியாக, ஒரு லாக்கர் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தானாக ஏறி வந்துகொண்டிருந்தாள். அவன் கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும். கூட இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருந்தால் போதும். அந்தச் சும்மா இருக்கிற வேலைதான் அவனுக்குத் தெரியாமல் போயிற்று.

"அது நீயா செஞ்சதும்மா" என்றான். "நிஜமா நீயா செஞ்சது. படத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அதை எப்படிங்க நம்பறது? சொல்றது நீங்களாச்சே" என்றாள்.

குத்திக் காட்டுவதற்காக அவள் அப்படிச் சொல்லவில்லை. உள்ளபடியே தெரியாமல்தான் கேட்டாள். அதுதான் அவனை உலுக்கிப் போட்டது. அத்தனை நாளில் அவளைத் தேற்ற அவன் சொன்னதில் ஒரே உண்மை அது, அதை வாங்கிக்கொள்ள அவளிடம் இடம் இல்லை.

டாக்டரிடம் இரண்டு பேரும் போனார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டே தான் செய்ததைச் சொன்னான். டாக்டர் திட்டவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்து வந்தவனுக்கு அதுவும் ஒரு தண்டனையாகத்தான் இருந்தது.

"அவங்க ஏறி வந்தது நிஜம்தான்" என்றார். "ஆனா நான் சொல்லியோ நீங்க சொல்லியோ அவங்க நம்பப் போறதில்ல. திரும்பவும் ஏறிப் பாத்துத்தான் நம்புவாங்க. கொஞ்சம் நாளாகும். இப்ப அவங்க தன்னோட கண்ணையே சந்தேகப்படறாங்க. அது முன்னாடி இல்ல."

அது நிஜம். முன்பெல்லாம் திருகைப் பார்த்தால் மூடியிருக்கிறது என்றாவது அவளுக்குத் தெரியும், அப்புறம்தான் சந்தேகம் வரும். இப்போது பார்க்கும்போதே சந்தேகம். கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முக்காலியில் ஒரே ஒரு நாள்தான் உட்கார்ந்தாள். அன்றைக்கு ஒரு சிறுமியின் கையில் நரம்பைத் தடவிப் பார்த்தவள், இது நரம்புதானா என்று நின்றுவிட்டாள். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, வரவேற்பு மேஜைக்கே போகிறேன் என்று தானே மேடத்திடம் போய்க் கேட்டுக்கொண்டாள். "அந்தம்மா இல்லையா" என்று கேட்டு வருகிறவர்களிடம், "இன்னொருத்தங்க இருக்காங்க, அவங்களும் நல்லாத்தான் எடுப்பாங்க" என்று அவளே சொல்லி உள்ளே அனுப்பினாள். இதை அவன் மகள் மூலம்தான் கேள்விப்பட்டான்.

கேமராவில் மறுபடியும் நிஜப் படம் ஓட விட்டிருந்தான். அவள் அதைப் பார்ப்பதில்லை, போனிலிருந்து அழித்துவிட்டாள். அவன்தான் பார்த்தான். ஏதோ ஒரு கிடங்கில் ஒயர் இழுத்துக்கொண்டிருக்கும்போது, அவள் லீவு போட்ட நாள் என்று நினைவு வந்து, போனை எடுத்துப் பார்த்தான். அடுப்பின் முன்னால் நின்று திருகுகளைத் தொட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கழித்து மறுபடியும் பார்த்தான். அங்கேயேதான் இருந்தாள். அன்று அவன் ஒரு வேலையும் முடிக்கவில்லை, பார்ப்பதும் வைப்பதுமாகவே பொழுது போனது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஏணியைப் போட்டுக் கேமராவைக் கழற்றினான். திருகாணி இருந்த ஓட்டைகளில் சுண்ணாம்பைக் குழைத்து அடைத்தான். அவள் வந்து பார்த்தாள். அப்படியே போய்விட்டாள்.

இப்போதும் அவன் காலையில் அடுப்படியைத் துடைக்கிறான். யாரும் சொல்லவில்லை, விடவும் மனம் வரவில்லை. துண்டு எந்த நிறமாக இருந்தாலும் மாட்டுகிறான். அடுப்பைக் குனிந்து பார்க்கிறான், சின்னது, பெரியது இரண்டையும், நிஜமாகவே பார்க்கிறான். பிறகு வாசலில் வந்து நின்றுகொள்கிறான். அவள் பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போகிறாள். தெருமுனையில் நிற்கிறாள். ஒவ்வொரு நாளும் அவள் திரும்பாமல் போய்விட வேண்டும் என்று அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறான். சில நாள் போய்விடுகிறாள். பல நாள் திரும்பி வருகிறாள்.

இன்றைக்கும் வந்தாள். வேர்த்திருந்தாள், முகம் வெளுத்திருந்தது. படியேறி அவன் நிற்கிற இடத்துக்கு வந்தாள். அவன் வாய் வரைக்கும் வார்த்தை வந்துவிட்டது. அணைச்சாச்சும்மா, நானே பாத்தேன். இன்றைக்கு அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சொல்லக் கூடாது என்று டாக்டர் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும், அவளாகக் கேட்டால் அல்லவா சொல்வதும் சொல்லாததும்?

அவள் அவன் முகத்தைப் பார்க்காமல், வழிவிடச் சொல்வது போல லேசாகத் தலையை ஆட்டினாள். அவன் ஒதுங்கி நின்றான். அவள் உள்ளே போய்த் திருகுகளை ஒவ்வொன்றாகத் தொடுகிற சத்தம் கேட்டது. எத்தனையோ நாள் அந்தக் கேள்விக்குப் பயந்து போனை அணைத்து வைத்திருக்கிறான். என்னங்க, அடுப்பை அணைச்சீங்களா என்று ஒரே ஒரு தரம் அவள் கேட்டுவிட மாட்டாளா என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.